பக்கத்து சீட்டுக்கான கட்டம்

மச்சான், இன்று காலை என் ஆபீஸ் வாசலில் ஒரு காருக்குப் பூசை போட்டார்கள். திருநாவலூர்ப் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி. செகண்ட் ஹேண்ட் வண்டிதான், ஆனால் மாலையைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை தோற்றான். டயர் ஏறி நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் வாசம் மேசை வரை வந்தது. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். கள்ளக்குறிச்சியில் இத்தனை வருஷமாக வண்டி இன்சூரன்ஸ் போட்டுக்கொடுத்துப் பிழைக்கிறவனுக்கு எலுமிச்சை வாசம் ஆகவில்லை என்றால் ஊர் சிரிக்கும்.

பூசை முடிந்து பாலிசி போட உட்கார்ந்தார்கள். கூட உட்கார்ந்து வருகிறவர்களுக்கான விபத்துக் காப்பு வேண்டுமா என்று கேட்டேன். அந்தப் பையன் யோசித்தான். உடனே என் வாய் பழக்கதோஷத்தில் உன் கதையை எடுத்துவிட்டது. "தியாகதுருகத்துல என் சிநேகிதன் ஒருத்தன் இதே மாதிரிதாங்க, வேணாம்னுட்டான்..." கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் சிரித்தாள். "எவ்ளோ கஞ்சமா இருந்திருப்பாரு அந்த ஆளு!"

உன்னைத்தான் சொன்னாள். காசு பணம் பார்க்காமல் ஊரில் பாதி மோட்டாருக்குக் கடனுக்கே செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொடுத்த உன்னை.

நீ கார் வாங்கிய வெள்ளிக்கிழமை உனக்கு ஞாபகம் இருந்திருக்காது. அதில்தான் நான் தப்பித்தேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. உன் கடை வாசலில் பழைய வெள்ளைக் காரை நிறுத்தி, உன் மனைவி ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் பானெட்டில் சாய்ந்துகொண்டு போனிலேயே பாலிசி போட்டேன். எதிராளிக்கு ஆகும் சேதத்துக்குக் கட்டாயம் போட வேண்டியது ஒன்று. வண்டிக்குச் சொந்தக்காரனே ஓட்டிப்போய் அடிபட்டால் அவனுக்கு ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவருக்கு உயிரோ, கை காலோ, கண்ணோ போனால் வருகிற தொகை மட்டும் நம் இஷ்டம். பாரத்தில் அதற்கென்று இருக்கும் கட்டத்தில் டிக் போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை. அதற்கு ஆகிற செலவு அன்று நீ வாங்கிய மாலையின் விலைகூட இருக்காது.

நீ தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாய். "இது இன்னாடா, கூட வர்றவங்களுக்குன்னு போட்டுருக்கு? இன்னா அது?"

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கற்பூரம் எரிகிற இடத்தில் சாவு, ஊனம் என்ற பேச்சை எடுக்க மாட்டோம். எடுத்தால் வீட்டுப் பெண்கள் முகம் சுண்டிவிடும், அடுத்த வருஷம் வேறு ஏஜெண்டிடம் போய்விடுவார்கள். உனக்கு நான் அப்படிப் பயப்பட வேண்டியதே இல்லை. இருந்தும் சொன்னேன்: "நல்ல நாளும் அதுவுமா அத இன்னாத்துக்குப் படிச்சிக்கினு? வுடுடா." நீயும் விட்டுவிட்டாய். பூசணிக்காய் உடைக்கப் போய்விட்டாய்.

அடுத்து வந்த ஆடியில், வெள்ளிமலையில் ஒரு வாடிக்கைக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு நீயும் உன் மனைவியும் மலை இறங்கினீர்கள். மழை. கச்சிராயபாளையம் வருவதற்கு முன்னால் ஒரு வளைவில் வண்டி சறுக்கி, இடது பக்கமாகப் போய் மரத்தில் மோதியது. உனக்கு நெற்றியில் ஒரு வெட்டு. அவளுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரி நடையில் நீ என்னைக் கேட்டது ஒரே கேள்வி. "டேய், அவளுக்கு எதுனா வருமாடா?"

குற்றம் சாட்டும் குரலே இல்லை அது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? நாலு கெட்ட வார்த்தை திட்டியிருப்பாய், அவ்வளவுதான். ஆனால் நடையில் உன் மைத்துனர்கள் நின்றார்கள், தெரிந்த முகங்கள் இருந்தன. என் வாயிலிருந்து அது தானாக வந்தது. "நீதானே மச்சான் அன்னைக்கு வேணாம்னு சொன்ன? மறந்துட்டியா?"

நீ நெற்றிக் கட்டைத் தடவினாய். பிறகு, "சொல்லியிருப்பேன்டா. எனக்குத்தான் வாய் ஜாஸ்தி ஆச்சே" என்றாய். தூ, நானும் ஒரு மனுஷனா! அந்த இடத்திலாவது உன் கையைப் பிடித்திருக்கலாம். கேண்டீனுக்குப் போய் உனக்கு டீ வாங்கி வந்தேன்.

அதோடு விட்டேனா? உன் கதையை வைத்து வியாபாரம் செய்தேன். பாலிசி புதுப்பிக்க நீ வரும்போதெல்லாம் எதிரே இருக்கிறவர்களிடம் நீயே சொல்வாய்: "எங்கூட்டுக்காரிக்கு நான் பண்ண மாதிரி பண்ணிடாதீங்க. அந்தக் கட்டத்துல டிக் போடச் சொல்லுங்க." அவர்கள் உடனே போட்டுக்கொள்வார்கள். நான் தலையை ஆட்டுவேன். போன வருஷம் நெஞ்சுவலியில் நீ போன பிறகும் நிறுத்தவில்லை. செத்தவன் கதைக்கு மதிப்பு கூடத்தானே செய்யும்.

இன்று மத்தியானம் ஆபீஸைச் சாத்திவிட்டுத் தியாகதுருகம் பஸ் ஏறினேன். உன் மனைவிதான் கடையில் இருந்தாள். நீ கற்றுக்கொடுத்தபடியே ஒரு மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். "வாண்ணா" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் கேட்டான், நான்தான் தடுத்தேன், அப்புறம் அவன் தலையிலேயே போட்டேன் என்றேன்.

சுற்றுவதை நிறுத்தினாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். காறித் துப்பினால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"தெனம் காலைல அவருதாண்ணா எனக்குக் கட்டக்கால மாட்டிவுடுவாரு" என்றாள். "பெல்ட்ட இழுத்துக் கட்டறப்போ வலிக்கும். அந்த வலியில திட்டுவேன். மாலை வாங்கத் தெரிஞ்சுது, எனக்கு ஒரு டிக் போடத் தெரியலையான்னு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லண்ணா, தெனம். அவரு எதுவும் பேச மாட்டாரு. தலையக் குனிஞ்சுக்கினு கட்டிவுடுவாரு."

பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் திட்டுனதெல்லாம் இப்ப யார்கிட்டப் போய்த் திருப்பி வாங்கட்டும்?"

மறுபடி கம்பியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. ஸ்டூலை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இனிமேலும் எல்லாருக்கும் உன் கதையைச் சொல்வேன், மச்சான். கற்பூரம் எரிந்தாலும் சொல்வேன். அதில் அந்தக் கட்டத்தைப் பார்த்து, இது என்ன என்று கேட்டவன் நீயாகவும், வாயை அடைத்தவன் நானாகவும் இருப்போம். அந்தத் திருநாவலூர்ப் பெண்ணுக்கு முதலில் போன் போட்டேன். அந்தச் சிநேகிதன் கஞ்சன் இல்லை, அவன் வாயை அடைத்தது நான்தான் என்று சொன்னேன். "எந்த ஆளுங்க?" என்று கேட்டாள். காலையில் தான் சிரித்துச் சொன்னதை அவள் அதற்குள் மறந்திருந்தாள்.