தகரக் கொட்டகையும் இருளம்மாள் மதினியும்

2006 ஜூலை 9, ஞாயிறு

அறுவை மிஷின் வந்து ஒரு வாரம் ஆகிறது. முற்றத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சம்பந்தி வீட்டு ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. துணி காயப்போட இடமில்லை. விருதுநகரில் மூடிக் கிடந்த ஒரு மரக்கடையிலிருந்து இவர் வாங்கி வந்தது.

"ஊர்ல எம்புட்டு வேம்பு, வாகை விழுது. பலகை அறுக்க எல்லாரும் சிவகாசிக்கு வண்டி பிடிக்காக. இங்கனயே அறுத்துக் குடுத்தா என்ன?"

நல்ல யோசனைதான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அப்ப பட்டாசுக் கம்பெனி?"

"மிஷினுக்குத் தகரச் செட்டு எழும்பட்டும். பெறகு விட்டுருதேன்."

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்ப்பவர். சாயங்காலம் காது மடலில் மருந்துத்தூள் வெள்ளியாய் மினுங்க வீடு வருவார். விட்டுவிடுகிறேன் என்ற இந்த ஒரு வார்த்தைக்காக நான் கூரை மேலே ஏறவும் தயார்.

ஜூலை 16, ஞாயிறு

கொத்தனார் வேண்டாமாம், ஆசாரி வேண்டாமாம். சுவரும் வேண்டாமாம். "மரம் இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய வரணும், தூளு பறந்து போகணும். அதுவுமில்லாம சின்ன ரூம்ல உக்காந்து உக்காந்து எனக்குச் சுவரே அலுத்துப்போச்சு புள்ள."

மிஷினைச் சுற்றி ஆறு பனந்தூண், மேலே தகரம். அவ்வளவுதான் கொட்டகை. குழி தோண்டுவது அவர், நூல் பிடிப்பது நான்.

"கோணலாப் பிடிக்கியே!"

"நூல் நேராத்தான் இருக்கு. வீடுதான் கோணல்."

வீட்டைக் கட்டியது என் மாமனார். மத்தியானச் சோறு வரை நூலை அவரே பிடித்துக்கொண்டார்.

ஜூலை 23, ஞாயிறு

தூண்கள் நின்றுவிட்டன. அடுத்த வீட்டில் இருப்பது இவருடைய அக்கா, இருளம்மாள் மதினி. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஏலே கருப்பணா, நாலு பக்கமும் தொறந்து கெடக்கே. என்னலே இது, பஸ் ஸ்டாண்டா?"

"மிஷினுக்குச் செட்டுக்கா."

"தூளு என் வத்தல்ல விழட்டும், அன்னிக்கு இருக்கு ஒனக்கு."

ஜூலை 30, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவேன்!

சோதனைக்கு ஒரு வேப்பந்தடியை உருட்டி வந்து மிஷின் மேல் ஏற்றினோம். முன்னால் தள்ளினால் தடியின் தலை ஒரு தூணில் இடிக்கிறது. பின்னால் இழுத்தால் வால் இன்னொரு தூணில். ஒரு சாண் கூட நகரவில்லை. மரம் நுழைந்து வெளியே வருவதற்காகச் சுவரே வைக்காத கொட்டகை. வழியில் இரண்டு தூண்!

இவர் தடி மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, சத்தியமாக. அடுப்படிக்குப் போய்த்தான் சிரித்தேன். திரும்பி வந்து பார்த்தால் அவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார். கடப்பாரையை எடுத்து இரண்டு தூணையும் பிடுங்கித் தள்ளி நட்டோம்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கூரை போட்டாயிற்று. அச்சாபீசில் காலண்டர் தலைக்குத் தகரப் பட்டை அடிப்பவள் நான். இன்று கொட்டகைக்கும் அடித்தேன். ஏணியிலிருந்து பார்த்தால் மதினி வீட்டு வத்தல் அத்தனையும் தெரிகிறது. மொறுமொறுவென்று காய்ந்திருக்கிறது. கேட்டால் தருவாளா?

ஆகஸ்ட் 10, வியாழன்

ஆடிக்காற்று. ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு பறந்துபோய், மதினியின் ஆட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்தது. ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. மதினிக்குத்தான் வாய் மூடவே இல்லை.

"என் கழுத்துல விழுந்திருந்தா? தரமாட்டேம்லே. என் எடத்துல விழுந்தது எனக்கு!"

சாயங்காலமே அதைத் தூக்கிக் கொட்டில் மேல் போட்டுவிட்டாள். எங்கள் மிஷின் தலையில் வானம் தெரிகிறது, அவள் ஆடுகளுக்கு மாடி வீடு. இவருக்கும் வீம்பு, வேறு தகரம் வாங்க மாட்டாராம். "அவளாக் கொண்டாந்து தரட்டும்."

ஆக, மிஷின் மறுபடி தார்ப்பாய்க்குள். கம்பெனி வேலை மட்டும் நிற்காமல் ஓடுகிறது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இவருக்குத் தெரியாமல் மதினி வீட்டுக்குப் போனேன். மோர் கொடுத்தாள். வத்தல் கொடுத்தாள். தகரம் கொடுக்கவில்லை.

இவரிடம் வேலையை விடும் பேச்சை எடுத்தால், "சீசன் நேரம். தீபாவளி கழியட்டும்" என்கிறார். முதலில் செட்டு எழும்பட்டும் என்றார். அடுத்தது என்ன, பொங்கலா?

செப்டம்பர் 14, வியாழன்

மத்தியானம் ஒரு சத்தம். அச்சாபீஸ் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. வெளியே ஓடி வந்தால் எம். புதுப்பட்டிப் பக்கம் புகை. இவர் கம்பெனி இருக்கிற பக்கம்.

எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை. ரோட்டில் மதினி தலைவிரிகோலமாக நிற்கிறாள். என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

இருட்டும் நேரத்தில் நடந்தே வந்தார். வெடித்தது வேறு கம்பெனியாம். மூன்று பேர் போய்விட்டார்கள். ஒருவர் இவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

மதினி அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

செப்டம்பர் 15, வெள்ளி

விடிந்ததும் வாசலில் தடால் என்று ஒரு சத்தம். என் உயிரே போய் வந்தது. மதினி தகரத்தைத் தலையில் சுமந்து வந்து போட்டிருக்கிறாள்.

"ஏலே, இந்தா ஒன் கூரை. மாட்டு. மாட்டிட்டு இங்கனயே கெட."

இவர் தகரத்திலிருந்த ஆட்டுப் புழுக்கையைத் துடைத்துவிட்டு ஏணியைத் தூக்கி வந்தார். நானும் மதினியும் கீழிருந்து தாங்கினோம். இந்தத் தடவை போல்ட்டுப் போட்டு முறுக்கினார்.

செப்டம்பர் 21, வியாழன்

மறுபடி கம்பெனிக்குப் போய்விட்டார். ஆர்டர் முடியாமல் நிற்கிறதாம். எழுத ஒன்றுமில்லை. போங்க, எப்படியும் போங்க!

அக்டோபர் 23, திங்கள்

தீபாவளி முடிந்தது. கம்பெனி அடைப்பு. காலையிலிருந்து மிஷின் ஓடுகிறது, மரத்தூள் நாலு பக்கமும் பறக்கிறது. என் தலை, இவர் மீசை, மதினியின் ஆடு எல்லாம் ஒரே நிறம். மூன்று தெரு தள்ளியிருந்தெல்லாம் தடி ஏற்றி வருகிறார்கள். வத்தல் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது.

நவம்பர் 24, வெள்ளி

கம்பெனி போர்மேன் முனியராஜ் அண்ணாச்சி வந்தார். கொட்டகைக்கு வெளியே நின்றபடி, மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "கருப்பணா! திங்கக்கிழமை பூசை போட்டுத் தொறக்கோம். வந்துருப்பா!"

இவர், பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு அறுப்பை முடித்தார். பலகை பிரிந்து விழுந்தது. வைரம் பாய்ந்த வேம்பு, உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. அண்ணாச்சி உள்ளே வந்து குனிந்து தடவிப் பார்த்தார்.

"புது வீட்டு வாசலுக்கு நிலை செய்யணும். இது தாங்குமா?"

"ஒங்க பேரன் காலம் வரைக்கும் தாங்கும் அண்ணாச்சி. வாசல் எம்புட்டு ஒசரம்?"

பிறகு ரெண்டு பேரும் தடி மேல் உட்கார்ந்து ஒரே மரப்பேச்சு. நான் டீ கொண்டு போனபோதும் அதே பேச்சுதான். கூப்பிட வந்தவர் நிலைக்கு அளவு சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. கேட்கப் பயம்.

சோறு போடும்போது அவரே சொன்னார்: "செல்வி, திங்கக்கிழமை அச்சாபீசுக்கு லீவு சொல்லிரு. நிலைக்கு நீளத்தடி அறுக்கணும். அந்தப் பக்கம் பிடிக்க ஆளு வேணும்ல."