மாமாவின் பிளேன்

பஹ்ரெயின்
14.10.1984

அன்புள்ள தங்கச்சி மார்கிரட்டுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். நீயும் என் சின்ன மருமகள் றோசும் அப்படியே இருக்கவேண்டும்.

போன கிழமை இங்கே ஒரு ஜம்போ பிளேனுக்குப் புது எஞ்சின் பூட்டினோம். ஆட்களை ஏற்ற முன்னம் சும்மா பறந்து பார்ப்பார்கள். பூட்டின எங்களையும் ஏறச் சொன்னார்கள். அப்போதுதான் நட்டை ஒழுங்காக இறுக்குவோமாம்! நானூறு பேர் இருக்கக்கூடிய பிளேனில் நாங்கள் ஒன்பது பேர். முன்னுக்குப் பணக்காரர் இருக்கிற கதிரையிலும் இருந்து பார்த்தேன். எங்கள் கோயில், நாங்கள் பூசைக்கு இருக்கிற வாங்குகளோடு அப்படியே எழும்பிப் பறந்த மாதிரி இருந்தது மார்கிரட்.

இறங்கும்போது ஒரு மொட்டைமாடியில் ஒருத்தி உடுப்புக் காயப்போட்டாள். அவளுடைய சட்டை சிவப்பு என்றுகூடத் தெரிந்தது. நான் கை காட்டினேன். பிளேன் போனால் றோசையும் கை காட்டச் சொல். மேலே இருக்கிறவனுக்குத் தெரியும்.

அன்பு அண்ணை,
அருட்பிரகாசம்

குருநகர்
02.12.1984

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக வாசித்தாயிற்று. பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மாக்கா திரும்பத் திரும்பக் கேட்டா. "அவ்வளவு பெரிய பிளேனிலை ஒன்பது பேரோ? எங்களையும் ஏத்தியிருக்கலாம்தானே" என்று பகிடி வேறு.

பலாலி ஏர்போட்டுக்குப் போகிற பிளேன் சத்தம் கேட்டால் போதும், றோஸ் சோற்றுக் கோப்பையோடு முற்றத்துக்கு ஓடுகிறாள். "மாமா! மாமா!" என்று கை காட்டுகிறாள். அவளைச் சாப்பிட வைப்பது பெரும்பாடு, எல்லாம் உங்களால்தான். ஒரு சட்டைத் துணி அனுப்ப மனமில்லை, பிளேன் கதை மட்டும் வருகிறது.

தங்கச்சி மார்கிரட்

குருநகர்
20.04.1986

அன்புள்ள அண்ணைக்கு,

றோசுக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

போன மாதம் அரசாங்கத்தின் பிளேன் வந்து குண்டு போட்டது. எல்லாரும் உள்ளே ஓட, இவள் கை காட்ட வெளியே ஓடினாள். நான் சமைத்த கையோடு குசினி வாசலில் நின்றேன். கால் எழும்பவில்லை அண்ணை. செபஸ்தியம்மாக்காதான் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து பிள்ளையின் மேல் விழுந்து படுத்தா. அவவின் வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

பெற்றவள் நான் நிற்க, அவ ஓடினா. வெட்கத்தில் ஆஸ்பத்திரியில் அவவின் முகத்தைப் பார்க்க ஏலாமல் கட்டில் விரிப்பைப் பார்த்துக் கதைக்கிறேன். அவவோ உங்கள் பழைய கடிதத்தை வாசிக்கச் சொன்னா. சிவப்புச் சட்டை வந்த இடத்தில் என் கையைப் பிடித்தா.

"உன்ரை அண்ணையின்ரை பிளேன் பெரிசு. உது சின்னது, தென்னைக்கு மேலாலை போனது. நான் மஞ்சள் சீலையோடை பிள்ளைக்கு மேலை கிடந்தனான். எங்களைக் கண்டுமோ போட்டவன்? காணேல்லை எண்டு கொண்ணை சொன்னால் மனம் ஆறும். கேட்டு எழுதடி."

நல்லதாக எழுதுங்கோ அண்ணை.

மார்கிரட்

பஹ்ரெயின்
11.05.1986

மார்கிரட்டுக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். இதை மட்டும் அக்காவுக்கு வாசி: "அக்கா, அந்த வேகத்தில் கீழே நிற்கிறவர்களைத் தெரியாது. சீலையும் தெரியாது. நான் முந்தி எழுதினது புளுகு."

மிச்சத்தை வாசிக்காதே. கால் எழும்பாத உனக்கு என்ன வெட்கம்? பிள்ளையை முற்றத்துக்கு அனுப்பினவன் நான். நேற்றும் ஒரு ஜம்போவில் ஏற்றினார்கள். அது எழும்பியபோது என் மனம் பழையபடி சந்தோஷப்பட்டது. அதை நினைக்க எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. இறங்கும்போது கீழே ஆட்கள் தெரியத் தொடங்க யன்னலை மூடிவிட்டேன்.

சத்தம் கேட்டால் றோசை உள்ளே ஓடச் சொல். மாமா எந்தப் பிளேனிலும் இல்லை என்று சொல்.

அருட்பிரகாசம்