எரித்த கேசட்டுகள்

1988 ஜனவரி 10, ஞாயிறு

இன்று கோயில் ஆராதனையில் என் வீட்டுக்காரர் பாடினார். பாட்டு என்று சொல்லலாமா, தெரியவில்லை. சிங்கப்பூரிலிருந்து இவருடைய சித்தப்பா மகன் அனுப்பிய கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியது. அமெரிக்காக்காரர்களின் இயேசு பாட்டுகள்தான். ஒன்றில் கித்தார் மரம் அறுப்பதுபோல் இரைகிறது. இன்னொன்றில் ராகமே இல்லை, டிரம் அடிக்கு ஏற்றபடி மளமளவென்று பேசுகிறார்கள். அதே மாதிரி தமிழில் சொந்தமாக எழுதிப் பேசினார்.

பனியில நடக்குறோம், பக்கத்துல வாரும்
பாதை வழுக்குது, உம்ம கைய தாரும்

இளவட்டங்கள் கை தட்டினார்கள். சபையை நடத்தும் உபதேசியார் மட்டும் குனிந்தே இருந்தார். எனக்குப் பெருமை. கொஞ்சம் பயமும்.

ஜனவரி 24

இவர் தலையணையில் ரத்தம். மூக்கிலிருந்து. குளிர்தான் என்கிறார்.

பிப்ரவரி 7, ஞாயிறு

ஈப்போவிலிருந்து வந்த பிரசங்கியார் மூன்று நாள் கூட்டம் தொடங்கியிருக்கிறார். இப்படி டிரம் அடித்துப் பேசினால் இறங்குவது பரிசுத்த ஆவி இல்லை, வேறு ஆவி என்றார். அந்த மாதிரி கேசட் யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டார். எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. இவர் வீட்டுக்கு வந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

பிப்ரவரி 9

இவருக்குக் குரல் கட்டிக்கொண்டுவிட்டது. விரல் நகங்கள் வெளுத்து, ஒன்று கழன்றே வந்துவிட்டது. பெண்கள் ஜெபத்தில் பிரசங்கியாரிடம் சொன்னேன். கண்ணை மூடி என் தலையில் கை வைத்தார்.

"தங்கையா தொண்டையில சாத்தான் கை வச்சிட்டான், சகோதரி. வீட்ட சுத்தம் பண்ணுங்க."

பிப்ரவரி 10

கொடுத்துவிட்டேன். மூன்று கேசட். கோயிலுக்குப் பின்னால் வைத்து உபதேசியார் மண்ணெண்ணெய் ஊற்றினார். இவர் தேயிலை மலையில் வேலையில் இருந்தார். நாடா சுருண்டு சுருண்டு எரிந்தது.

இனிமே சரியாப் போயிடும். போயிடணும்.

பிப்ரவரி 11

சொல்லிவிட்டேன். இவர் கத்தவில்லை. 

"மூணாவது கேசட்டுல என் குரல், நவமணி. போன வருஷம் நானே பதிஞ்சு வச்சது."

அதைக்கூட மூச்சுக்காற்றாகத்தான் சொல்ல முடிந்தது.

நான் என்ன செஞ்சிட்டேன்?

மார்ச் 7

நான் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் தன் பிள்ளையை விட வேலம்மா வந்தாள். அவள் புருஷன் கருப்பையாவும் இவரும் தேயிலைக்கு நடுவே புல்லுக்கு மருந்து அடிக்கிறவர்கள். கருப்பையாவுக்கும் மூக்கில் ரத்தமாம். நகமும் போய்விட்டதாம். மாரியம்மன் கோயில் பூசாரி ஏதோ குற்றம் என்றாராம், தேங்காய் உடைத்தும் நிற்கவில்லையாம். கருப்பையா இந்த மாதிரி பாட்டெல்லாம் கேட்பாரா என்று கேட்டேன். வேலம்மா விழித்தாள்.

"எங்க வீட்ல ரேடியோவே இல்லலா, அக்கா."

கையிலிருந்த பிள்ளை அழுததுகூட எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இவர்களோடு மருந்து அடிக்கும் மூன்றாவது ஆள் நாகப்பன். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்க் கையைக் காட்டச் சொன்னேன். அதே நகம்.

மருந்து. மருந்துதான்.

மார்ச் 9

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் இருமல் தண்ணி கொடுத்தார். மருந்து அடிப்பதால்தானே என்று கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினார். மாலையே தோட்டத்து ஆபீஸ் கிராணி வாசலில் நின்றார். வீடு தோட்டத்து வீடு, ஞாபகம் இருக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 22

பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் முதலில் கேட்டதே, என்ன வேலை செய்கிறார் என்றுதான். இத்தனை நாளில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நானும்தான். நுரையீரலில் தழும்பு, இனி ஆறாது என்றார். குரல்? வராது என்று தலையை ஆட்டினார்.

ஏப்ரல் 3, ஈஸ்டர்

ஆராதனையில் எழுந்து முன்னால் போனேன். டிரம் அடிக்கச் சொன்னேன். எனக்கு ராகம் வராது, பேச வரும். தோட்டத்து மருந்து, மூக்கு, நகம், நுரையீரல், மூன்று பேருடைய பெயர் – அடிக்கு ஒன்றாகச் சொன்னேன். கேசட்டை எடுத்துக்கொடுத்தது யார் என்றும் சொன்னேன். ஒருவரும் கை தட்டவில்லை. இவர் முன்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருமலா, அழுகையா, அங்கிருந்து தெரியவில்லை.

ஏப்ரல் 11

காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது, எனக்கு இனி ஆயாக்கொட்டகை இல்லை என்றார்கள். மருந்து டின்னைக் காட்டினார்கள். இவர் சுமந்த டின். தூக்கமாட்டேன் என்றேன். அப்படியானால் வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம்.

ஏப்ரல் 15, வெள்ளி

பக்கத்து ஊர் திரிங்காப்பில், ஒரு பூந்தோட்டத்தில், எனக்குப் பூ வெட்டிக் கட்டும் வேலை கிடைத்திருக்கிறது. வேலம்மாவின் அண்ணன் காய்கறி லோரியோடு வந்தார். லயத்து வரிசை வீடுகளில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. இவரை முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தால், உபதேசியார் நிற்கிறார்.  அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை நான் பிடித்தேன்.