நாற்பத்து மூன்றாம் பக்கம்

பலெர்மோ
3.3.2014

நகுலேஸ்வரனுக்கு,

உன் புத்தகம் கிடைத்தது. நீ அனுப்பவில்லை, உன் ரொறன்ரோவிலிருந்து வந்த நண்பன் செபமாலை தந்தான். இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்திருப்பதாக அவன் சொன்னான்.

போர்க்காலத்தில் ஆங்கிலேயரிடம் உரிமம் வாங்கிக் கனடாவில் கட்டிய பொலிங்புரோக் விமானத்தைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம். ஒரே இருப்பில் வாசித்தேன். எனக்குப் புதிதாக அதில் எதுவும் இல்லை. 2011இல் இங்கே அல்பெர்கேரியாப் பகுதியில் என் வீட்டில் இரண்டு கிழமை நின்றாய். கட்டிலை உனக்குத் தந்துவிட்டு நான் நிலத்தில் படுத்தேன். நான் வேலைக்குப் போன நேரத்தில் இந்த விமானத்தைப் பற்றி நான் எழுதிக் கீறி வைத்த கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்திருக்கிறாய். அதே கொப்பியைப் பார்த்துத்தான், "மச்சான், பௌதிகம் படிப்பிச்ச நீ இஞ்சை கிழவருக்குக் கால் கழுவிப்போட்டு வந்து பிளேன் கீறிறியோ?" என்று சிரித்தாய். முன்னுரையில் பதினொரு பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். நான் அதில் இல்லை.

ஆனால் அந்தக் கொப்பியில் செய்தது நல்ல வேலை. அதை நானே சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. கடற்காவலுக்குப் போன நான்காம் வகையின் இறக்கை விளிம்பில் பனியை உடைக்கும் ரப்பர் உறை. ஆங்கில இயந்திரம் வந்து சேராவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அமெரிக்க இயந்திரம் பூட்டிய வகை. மிதவை பூட்டித் தண்ணீரில் இறக்கிய ஒற்றை விமானம். கடைசியில் நூற்றுக்கணக்கில் வந்த மஞ்சள் நிறப் பயிற்சி விமானங்கள். தமிழில் இவற்றை இப்படிப் பிரித்து எழுதியவர் எவரையும் நான் காணவில்லை. அந்த மிதவை விமானத்துக்காக மட்டும் ஒரு கனடாக்காரரோடு மின்னஞ்சலில் நான்கு மாதம் மல்லுக்கட்டினேன்.

இனி நாற்பத்து மூன்றாம் பக்கம். "1941இல் பலெர்மோ துறைமுகத்தின் மேல் பொலிங்புரோக் பறந்தது. கண்ணால் கண்ட முதியவரை நானே சந்தித்தேன்" என்று எழுதியிருக்கிறாய். நீ அவரைச் சந்திக்கவில்லை. பொலித்தேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் நான் பராமரித்த சிஞ்ஞோர் கார்மெலோ அவர். சின்ன வயதில் துறைமுகத்தின் மேல் ஒரு விமானத்தைக் கண்டவர். நான் கீறிய பொலிங்புரோக் படத்தில் விரலை வைத்து, இதுதான் என்றார். அந்த விமானம் கனடாப் பக்கத்தை விட்டு இங்கே வந்ததே இல்லை, நீங்கள் கண்டது அதன் மூலமான ஆங்கிலேய விமானம் பிளென்ஹைமாக இருக்கும், இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி என்றேன். "அண்டைக்கு நீயோ துறைமுகத்திலை நிண்டனி, நானோ?" என்கிற மாதிரி இத்தாலியனில் கத்திவிட்டு சூப்பைத் தள்ளிவிட்டார். மாலைவரை பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. பராமரிக்கிற ஆளைப் பட்டினி போட முடியுமா? பொலிங்புரோக்தான் பறந்தது என்று அவர் பார்க்கவே கொப்பியில் எழுதினேன். அன்றிலிருந்து அதை மொழிபெயர்த்து வாசித்தால்தான் கரண்டியை எடுப்பார். போன வருடம் அவர் இறந்த பிறகும் அந்த வரியை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

முப்பதாம் திகதி வெளியீட்டுக்கு அருங்காட்சியகத்துக்காரர்களும் ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர்களும் வருகிறார்களாம். உன் மகள் அந்தப் பக்கத்தைத்தான் ஆங்கிலத்தில் வாசிக்கப் போகிறாளாம். இது பிழை என்று யாராவது ஒருவர் கை தூக்குவார். தூக்கட்டும், நீ மேடையில் விழிக்க வேண்டும் என்று ஒரு கிழமை பேசாமல் இருந்தேன். அந்த நினைப்பு இனிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வரி விழுந்தால் மிதவை விமானமும் விழும்; மற்ற வகைகளையும் எவரும் நம்பமாட்டார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தையும் யோசித்தேன்.

ஆகவே ஒரு துண்டு அச்சடித்து அந்தப் பந்தியின் மேல் எல்லாப் பிரதியிலும் ஒட்டு. "இவ்வகை விமானம் சிசிலிக்கு வரவில்லை" என்று போட்டால் போதும். பிள்ளைக்கு மிதவை விமானப் பக்கத்தை வாசிக்கக் கொடு. அதில் யார் என்ன கேட்டாலும் பிழை காண முடியாது. தலை நிமிர்ந்து வாசிக்கச் சொல். அவள் நன்றாக இருக்கட்டும்.

பதிவுத் தபாலில் அனுப்பினால் அனுப்புநர் பெயர் கேட்பார்கள். சாதாரண முத்திரை ஒட்டி, நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் பெட்டியில் போடுகிறேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும். உன் முன்னுரையைப் போல இதிலும் என் பெயர் போடவில்லை.