சேர்விஸ் நடுவர்

மச்சான்,

நேற்று உன் மகள் ஸும்றா இறுதிப் போட்டியில் வென்று தேசிய பெட்மின்டன் அணிக்குள் நுழைந்துவிட்டாள். வாழ்த்து அவளுக்கு மட்டும்தான்.

நாம் ஆலங்குடாக் கடற்கரையில் ஜோடியாக ஆடிப் பழகியவர்கள். கையிலிருந்து விடும் பந்தைக் காற்று தள்ளிவிடும் என்று, முழங்காலருகே வைத்தே சேர்விஸ் போடுகிறவன் நான். அது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, என் சேர்விஸ் இடுப்புக்கு மேலே போகிறது, நடுவர்கள் விடமாட்டார்கள் என்று தெரிவுக்குழுவிடம் போய்ச் சொன்னாய். என்னை நீக்கி உனக்குக் கொழும்பில் வேறு ஜோடி தந்தார்கள். நீ நாடு நாடாய் ஆடினாய். நான் புத்தளத்தில் கணக்குப் படிப்பித்தேன்.

நேற்று சேர்விஸ் நடுவரின் கதிரையில் என்னைக் கண்டதும் ஓடி வந்தாய்.

"மச்சான், பழசெல்லாம் மனசில வெக்காத. புள்ளட வாழ்க்க இது."

"பாப்பம்" என்றேன்.

அவளுடைய சேர்விஸில் ஒரு பிழையும் இல்லை என்பது போன மாதம் அவள் ஆட்டத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். அதை உன்னிடம் சொல்ல ஒரு நொடி போதும். நான் சொல்லவில்லை. எப்போது பிழை சொல்லிக் கை தூக்குவேனோ என்று ஆட்டம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். கடைசிப் புள்ளிக்கு அவள் பின்னால் பாய்ந்து அடித்த அடிக்கு மண்டபமே எழுந்து நின்றது. அப்போதும் உன் கண் என் கையில்தான் இருந்தது.

வீட்டுக்குப் போனதும், "அந்த அடி எப்பிடி வாப்பா?" என்று கேட்டிருப்பாள்.

என்ன சொன்னாய்?

உன் பழைய ஜோடி