டைல்ஸுக்கு அடியில் ஒரு குழி

மார்ச் 14
“சாறே, குழி எங்க?” நேற்று குழிகளைப் பார்வையிட வந்த சபிதா கேட்டது. என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவள், இப்போது ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியர்.

ஊரில் அரசுப் பணத்தில் தோண்டிய முதல் மழைநீர்க் குழி என் முற்றத்தில்தான். மற்றவர்களுக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். போன வருடம், மகன் எபிசனின் காருக்காக அதை மண் போட்டு மூடி டைல்ஸ் பதித்தோம். கூரைத் தண்ணீர் இப்போது ரோட்டுக்குப் போகிறது.

“டைல்ஸுக்கு அடியில கெடக்கு மக்கா, தண்ணி அதுலதான் எறங்குது” என்றேன்.

‘செயல்பாட்டில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டாள். என் மனைவி எலிசா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மார்ச் 15
எலிசா சாயா தந்தாள். முற்றத்து டைல்ஸைப் பெருக்கப் போனாள்.

மார்ச் 22
கிராம சபை. இன்னும் இருபது வீட்டுக்குக் குழி தோண்டப் பணம் கேட்பதாக இருந்தது. சபிதாவின் அறிக்கையை வாசித்தார்கள். ஊர்க்காரன் கோலப்பன் எழுந்தான்.

“சாறு வீட்டுக் குழி நல்லா வேல செய்யுதாம். அதுக்கு நேர கீழ ரெனிஷா கெணறு வத்திக் கெடக்கு. பின்ன இருவது குழி என்னத்துக்கு?”

எல்லாரும் சிரித்தார்கள். குழிகள் வேண்டாமென்று முடிவாயிற்று.

ஒரு செடியை வெயிலில் வை, ஒன்றை இருட்டில் வை, ஒப்பிட்டுப் பார் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இருட்டில் வைத்த செடியை வெயிலில் வைத்ததாகச் சொல்லி, வெயிலால் பயனில்லை என்று ஊரையே நம்பவைத்துவிட்டேன். எழுந்து சொல்லியிருக்கலாம். எழும்பல்ல. ஏன் எழும்பல்ல?

மார்ச் 23
கீழ் வீட்டு ரெனிஷா குடத்தோடு வந்தாள், எங்கள் கிணற்றில் தண்ணீர் கோர. “ஒங்க குழி இருந்தும் இப்பிடி. எங்க கெணத்துப் பாறதான் செரியில்ல போல சாறே.”

அவள் குடத்துக்கு நானே கோரி ஊற்றினேன்.

மார்ச் 24
உண்மையை எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். சபிதா படித்தாள். “நீங்க சொன்னா நான் தோண்டிப் பாக்கணுமா சாறே?”

அவளிடம் விளக்கம் கேட்பார்களாம். என்னால்.

மே 1
மறுபடி கிராம சபை. இன்று எழுந்து சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. இருபது குழிக்கும் பணம் கேட்கத் தீர்மானம் போட்டார்கள். வெளியே வரும்போது கோலப்பன், “கம்பிப்பாரை எங்கிட்ட கெடக்கு. டைல்ஸ இளக்க நாளைக்கி வாறேன்” என்றான்.

ஜூன் 9
மழை. கார் ரோட்டோரம் நனைகிறது. சபிதா வந்தாள். குழி சரியாக இருக்கிறது என்றேன். அவள் எழுதவில்லை. ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, குழியில் ஊற்றி, இறங்கி முடியும்வரை குடையோடு நின்று பார்த்த பிறகே எழுதினாள். எலிசா சாயா கொண்டுவந்தாள். சபிதா வேண்டாம் என்றாள்.

இதைப் படிக்கிற நீயும் அடுத்த மழையில் குடையை எடுத்துக்கொண்டு இறங்கு. உன் கூரைத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறதோ அதுவரை கூடவே நடந்து பார்.