ஒரே நம்பரில் பதினோரு பேர்

3 டிசம்பர் 2025, புதன்

ஃபாரம் திறந்தாச்சு. ஆபீசுக்குக் கிளம்பும் முன்னே கிளப் வெப்சைட்டில் ஏற்றிவிட்டேன். பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான கேரம் போட்டி, ஜனவரி 24, 25. அறுபத்து நாலு இடம். கட்டணம் நூற்றைம்பது. பெயர், பிறந்த தேதி, முகவரி, போன் நம்பர், ஈமெயில், கடைசியில் பணம் — எல்லாம் ஒரே பக்கத்தில். நானே ஒரு தடவை கட்டிப் பார்த்தேன். ரசீது உடனே வந்தது.

போன வருஷம் வரை நோட்டுப் புத்தகம்தான். பிராங்கிளின் அண்ணன் கிளப் செயலாளர். ஹார்பர் வேலை முடித்துவிட்டு வந்து, ஒவ்வொரு பெயராக எழுதிக் காசு வாங்கிப் போடும். இந்த வருஷம்தான் என்னைக் கமிட்டியில் சேர்த்தது. ராயபுரத்தில் எங்கள் கிளப் ஆரம்பித்ததிலிருந்து கமிட்டியில் ஒரு பொம்பளை உட்காருவது இதுவே முதல். கொஞ்சம் மிதப்பாகத்தான் இருக்கிறேன். ஏன் மறைக்கணும்?

6 டிசம்பர், சனி

முப்பத்தொன்பது பேர் கட்டிவிட்டார்கள். அண்ணனுக்கு நம்பிக்கையே வரவில்லை. "இன்னா ஜூடி, வூட்ல குந்திகினே காசு கட்றாங்களா?" என்று என் போனை எட்டி எட்டிப் பார்க்கிறது.

இடத்துக்கு இவ்வளவு அடிதடி ஏன் என்றால், கடைசி நாலில் வருகிறவர்களுக்கு ஆறு மாதம் இலவசப் பயிற்சி முகாம். அந்தச் சான்றிதழைக் காட்டி காலேஜில் விளையாட்டுப் பிரிவில் சீட்டும் கேட்கலாம். அதனால்தான் போன வருஷம் ஒரு ஸ்போர்ட்ஸ் கடைக்காரன் இருபது பொய்ப் பெயரை எழுத வைத்து, அப்புறம் இடம் கிடைக்காத பிள்ளைகளிடம் ஐந்நூறு ரூபாய்க்கு விற்றான். ஃபிராடு. இந்த வருஷம் அதெல்லாம் நடக்காது. ஒரு போன் நம்பருக்கு ஒரு பதிவு. அதே நம்பர் மறுபடி வந்தால் என் பக்கத்தில் சிவப்பாகக் காட்டும். அக்கா தங்கச்சி யாராவது இருந்தால் பார்த்து விட்டுவிடலாமே என்று பணம் கட்டுவதை மட்டும் தடுக்கவில்லை.

8 டிசம்பர், திங்கள்

பதினொண்ணு! ஒரே நம்பர், ஒரே ஈமெயில், ஒரே மத்தியானம். பணம் வந்ததெல்லாம் பட்டம்மாள் என்கிற ஒரே கணக்கிலிருந்து. பதினோரு பெண் பெயர். முகவரி எல்லாமே முகத்துவாரக்குப்பம், ஒன்றிலாவது கதவு எண் வேணுமே, கிடையாது.

ரத்தம் கொதிச்சுப்போச்சு எனக்கு. வந்துட்டான் பாரு மறுபடியும், இந்தத் தடவ பொம்பள பேர்ல! யாராண்ட வேலைய காட்றான்?

பதினொன்றையும் டிக் போட்டேன். 'பதிவை ரத்து செய், பணத்தைத் திருப்பு.' நிச்சயமா என்று ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று தட்டினேன். அந்த ஈமெயிலுக்கு ஒரு வரி தானாகப் போயிருக்கும். இடம் ஏற்கெனவே நிரம்பி, மீதிப் பேர் காத்திருப்பு வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு மெசேஜ் போய், ஆபீஸ் விடுவதற்குள் அறுபத்து நாலும் மறுபடி ஃபுல்.

அண்ணனிடம் சொன்னேன். "கில்லாடி நீ" என்றது.

14 டிசம்பர், ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சர்ச்சில் பூசை முடிந்து கிளப்புக்குப் போனேன். வாசலில் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும். கூட பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண். எண்ணூரிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். அந்தம்மா அண்ணனிடம், "என் பேரு பட்டம்மா சார். முகத்துவாரக்குப்பம். பதினோரு புள்ளைங்களுக்குக் காசு கட்னேன், எல்லாம் திரும்பி வந்துகீது. இன்னா ஆச்சு?" என்றார்.

அந்த ஒரே கணக்கின் பெயர்.

மீன் வியாபாரமாம். குப்பத்தில் அவர் தெருவுக்குக் கரண்ட் பில், கேஸ், ரீசார்ஜ் எல்லாம் அவர் போனிலிருந்துதான் போகிறது. "ஆம்பளைங்க போனு போட்லயே கடலுக்குப் போய்டும். பொம்பளைங்களாண்ட கீற போன்ல பேங்கு ஏறல. காச என் கைல குடுப்பாங்க, நான் தட்டி வுட்ருவேன்." பிள்ளைகள் அப்படிக் கொடுத்த காசுதான் இதுவும். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பதினோரு தடவை ஃபாரம் நிரப்பியிருக்கிறார்கள். டைப் பண்ணியது கூட வந்த பெண், மோகனப்ரியா. ஈமெயில், போன் வாங்கிய கடையில் போட்டுக் கொடுத்தது. அதைத் திறக்கவே பட்டம்மாவுக்குத் தெரியாது.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம், "சர்வர் கோளாறும்மா. மிசினே கேன்சல் பண்ணிடுச்சு. இப்ப எடம் ஃபுல்லு" என்றது.

நான் தலையாட்டினேன். யாரும் ஆட்டச் சொல்லவில்லை. நானாகத்தான் ஆட்டினேன்.

"எனக்கு மார்ச்ல பதினெட்டு முடியுது. அடுத்த வருஷம் ஆட முடியாதுல்லக்கா?" என்று மோகனப்ரியா என்னைக் கேட்டாள். முடியாதும்மா என்றேன். அவள் அழவில்லை. உள்ளே ஹாலில் இருந்த போர்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டம்மா என் கையைப் பிடித்து, "மிசினு பண்றதுக்கு நீ இன்னாம்மா பண்ணுவ? மூஞ்சே செத்துப்போய்கீது உனுக்கு. வுடு" என்றார். என்னைத் தேற்றுகிறார்! என்னை!

16 டிசம்பர், செவ்வாய்

பட்டம்மா கிளப்பில் ஒரு பை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நாலு சங்கரா மீன், செதில் எடுத்துக் கழுவி. "அந்தப் பொண்ணு மூஞ்சத் தொங்கப் போட்டுகினு நின்னுச்சே, அதுக்குக் குடு" என்றாராம்.

வறுத்தேன். தின்றேன்.

17 டிசம்பர்

ஒரு வேலையும் ஓடவில்லை.

19 டிசம்பர், வெள்ளி

எங்கள் ஷிப்பிங் ஆபீசில் ரிஃபானாவிடம் சொல்லிவிட்டேன். பக்கத்து சீட், எட்டு வருஷ சிநேகிதம். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கன்டெய்னர் பேப்பர்ல ஒரு எழுத்து மாறினா பார்ட்டிக்குப் பத்து போன் போடுவியே. அந்த நம்பருக்கு ஒண்ணு போட்டியா?"

இல்லை.

"ஏன் போடல?"

போன வருஷத்து ஃபிராடு, வேலை நேரம், அது இது என்று ஏதேதோ சொன்னேன். அவள் டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

ஏன் போடவில்லை? இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். காலடிப்பேட்டையில் ஏதாவது அபார்ட்மென்ட் முகவரியோடு பதினொன்று வந்திருந்தால் போட்டிருப்பேன். 'சார், ஒரு சின்ன டவுட்' என்று கேட்டிருப்பேன். முகத்துவாரக்குப்பம், கதவு எண் இல்லை — அவ்வளவுதான், கேட்கவே தோன்றவில்லை. நான் என்ன பெரிய பங்களாவிலா பிறந்தேன்? அப்பா ரயில்வே யார்டில் மூட்டை எண்ணியவர். வெட்கமாக இருக்கிறது. ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

20 டிசம்பர், சனி

போட்டி விதிமுறைகளை எடுத்துப் படித்தேன். வெப்சைட்டுக்காக நானே எழுதியவை.

'ஒரு நம்பருக்கு ஒரு பதிவு' என்பது அதில் எங்கேயும் இல்லை! என் மண்டைக்குள் மட்டும் இருந்த விதி. அவர்கள் எதையுமே மீறவில்லை.

எட்டாவது விதி: தொழில்நுட்பக் கோளாறால் பதிவு விட்டுப்போனால் கிளப் பொறுப்பல்ல, பணம் மட்டும் திருப்பித் தரப்படும்.

ஒன்பதாவது: பணம் வந்து சேர்ந்த பதிவை, பதிந்தவரிடம் விசாரிக்காமல் கமிட்டி ரத்து செய்தால், அந்தப் பதிவு செல்லும். அவரை ஆடவிட வேண்டும்.

அண்ணன் பாட்டுக்குப் பிடிக்காதவங்க பெயரை அடித்துவிடக் கூடாதென்று நான் போட்ட விதி அது. ஆக, மெஷின் செய்தது என்றால் பிள்ளைகள் வெளியே. நான் செய்தேன் என்றால் உள்ளே. நான் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். மாட்டிகினியா ஜூடி!

21 டிசம்பர், ஞாயிறு

காலையில் அண்ணனிடம் சொன்னேன். சண்டை. "எழுதிக் குடுத்தா நானும் பொய் சொன்னேன்னு ஆவும். உன்னியத் தூக்கிடுவாங்க" என்றது. தூக்கட்டும் என்றேன். "பொம்பளைய ஏன் சேத்தன்னு என்னியத்தான் கேப்பானுங்க" என்றது. அதுதான் வலிக்கிறது. நான் செய்த தப்பு ஜூடி தப்பாக இருக்காது, பொம்பளை தப்பாகத்தான் இருக்கும்.

மத்தியானம் பஸ் ஏறி எண்ணூர் போனேன். முகத்துவாரத்தை ஒட்டி, வலை போட்டிருந்த கொட்டகைக்குள் பட்டம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டார். கொட்டகையின் கோடியில் மோகனப்ரியா இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஆடிக்கொண்டிருந்தாள். கடல் காற்றில் போர்டு பிசுபிசுக்கிறது. ஒரு காய் போடவே தோளிலிருந்து பலம் கொடுத்து அடிக்கிறாள்.

உட்காராமலே சொன்னேன். மெஷின் இல்லக்கா, நான்தான் கேன்சல் பண்ணேன். ஒரே நம்பரா இருந்துச்சு, யாரோ எடத்த விக்கிறாங்கன்னு நெனச்சிட்டேன். ஒங்கள ஒரு வார்த்த கேக்கல.

பட்டம்மா சேர் துடைத்த துணியை மடித்து வைத்தார். அப்புறம், "அந்த சங்கரா இன்னா பண்ண? கொழம்பா, வறுத்தியா?" என்றார்.

"வறுத்தேன்க்கா."

"நல்லாந்துச்சா?"

காலடியில் கிடந்த வலையைப் பார்த்தேன்.

"திருடின்னு நெனச்சிகினே என் மீன துன்னுகீற" என்றார். அப்போது அப்படி நினைக்கவில்லைக்கா, அதற்குள் தெரிந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அது இன்னும் மோசம் என்று உறைத்தது. "போம்மா" என்றார். அடிச்சிருந்தாக்கூட பரவால்லன்னு தோணுச்சு.

மோகனப்ரியாதான் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தாள். "நீங்க எழுதிக் குடுத்தா நாங்க ஆடலாமாக்கா, நெஜமாவா?" என்று மூன்று தடவை கேட்டாள். அவளுக்கு என் மன்னிப்பெல்லாம் தேவையே இல்லை, இடம்தான் தேவை.

23 டிசம்பர், செவ்வாய்

கமிட்டி கூடியது. கடிதத்தை நானே எழுந்து படித்தேன். 'எட்டாம் தேதி, யாரையும் விசாரிக்காமல், பதினோரு பதிவுகளை நான் ரத்து செய்தேன். சர்வரில் எந்தக் கோளாறும் இல்லை.' ஒன்பதாவது விதியையும் படித்தேன். ஒரு மணி நேரம் கத்தல்.

முடிவு: பதிவு செல்லும், ஆனால் இடம் அறுபத்து நாலுதான், அதனால் ஜனவரி பத்தாம் தேதி தகுதிச் சுற்று. அந்தப் பதினோரு பேர், ஏற்கெனவே இடம் கிடைத்தவர்களில் குலுக்கி எடுத்த பதினோரு பேர். ஜெயிக்கிறவர்கள் உள்ளே. மண்டபக் கரண்ட், டீ, ரெஃப்ரி செலவு என்னுடையது. நான் கமிட்டியில் இல்லை.

அண்ணன் நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டே இருந்தது. ஆனால் கை தூக்கச் சொன்னபோது பிள்ளைகளுக்குத்தான் தூக்கியது.

25 டிசம்பர்

கிறிஸ்மஸ். அண்ணன் வீட்டிலிருந்து கேக் வந்தது, அண்ணன் வரவில்லை.

10 ஜனவரி 2026, சனி

குலுக்கலில் மாட்டிய பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "எம்பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு? நீ பண்ண கூத்துக்கு அவ ஏன் ரெண்டு தடவ ஆடணும்?" நியாயம்தானே. வாங்கிக்கொண்டேன்.

குப்பத்திலிருந்து பதினோரு பேரும் ஒரு குட்டி யானை வேனில் வந்து இறங்கினார்கள். பட்டம்மாவும் வந்தார். நான் நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

எங்கள் போர்டு காய்ந்த போர்டு, பவுடர் போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். மோகனப்ரியா பழக்கத்தில் ஓங்கி அடித்த முதல் ஸ்ட்ரைக்கர் பறந்து ரெஃப்ரி மடியில் விழுந்தது. ஹாலே சிரித்தது. முதல் ஆட்டம் போய்விட்டது. அப்புறம் விரலை மெதுவாக வைத்து ஆடப் பழகிக்கொண்டாள் — அங்கேயே, எல்லார் முன்னாலும். அடுத்த இரண்டும் அவளுடையது.

ஏழு பேர் உள்ளே வந்தார்கள். நாலு பேர் தோற்றுப்போனார்கள். அதில் ஒன்று ரொம்பச் சின்னது, வேன் கிளம்பும்வரை அழுதுகொண்டிருந்தது. நேராக இடம் கிடைத்திருந்தால் ஒரு மேட்சாவது பெரிய போட்டியில் ஆடியிருக்கும்.

25 ஜனவரி, ஞாயிறு

மோகனப்ரியா கடைசி நாலில் வந்துவிட்டாள். முகாமுக்குப் போகிறாள். இதை முதலில் எழுதிவிட்டேன், கை நிற்கவில்லை.

கமிட்டிக்காரர்கள் மேடைப் பக்கம். நான் கூட்டத்தோடு கூட்டமாகப் பின் பெஞ்சில். அண்ணன் ஒரு தடவை வந்து, "டீ குட்ச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனது. ஒரு மாதத்தில் முதல் பேச்சு.

கால் இறுதி. ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதில் இழுபறி. யாரோ வந்து என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். திரும்பினால் பட்டம்மா. குப்பத்தில் 'போம்மா' என்று சொன்னதுதான் கடைசி. எழுந்து போய்விடலாமா, வணக்கம் சொல்லலாமா, ஒன்றும் புரியாமல் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

முன்னால் பார்த்துக்கொண்டே என் தோளைத் தள்ளினார்.

"கொஞ்சம் நவுந்து குந்து ஜூடி. புள்ள ஆட்றது தெர்ல."

நகர்ந்து உட்கார்ந்தேன்.